பிறர்பொருட்டு வேண்டலும் வேண்டாதார் உள்ளமும்

திருத்தணிகை மலை ஏறுவார் யாவரும் தம்பொருட்டு மட்டுமே ஏறுவாரல்லர். ஆண்டின் நாட்களைக் குறிப்பன என்று அன்பர்கள் கொள்ளும் 365 படிகளையும் ஏறி, முருகப்பெருமான் திருமுன் நின்று, அருச்சகர் பெயரும் நாளும் கோத்திரமும் வினவுங்காலத்துத் தம் மனைவி மக்கள் பெயரோடு, ஊரில் நோயுற்றுக் கிடக்கும் நண்பர் பெயரையும், வழக்கிற் சிக்கிய அயலார் பெயரையும் சேர்த்துக் கூறுதல் நாடோறும் நிகழ்வதாகும். ஆடிக் கிருத்திகையிற் பூக்காவடி எடுப்பாருள்ளும் பிறர்பொருட்டு நேர்ந்துகொண்டார் பலர் உளர். இவ்வழக்கம் அன்பின் வழிப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயின், அங்ஙனம் கூறப்பட்ட பெயர்க்குரியவர் கடவுளுண்மையையே கொள்ளாதவராயின், ‘உமக்காகத் தணிகேசனிடம் வேண்டிக்கொண்டேன், இதோ திருநீறு’ என்று நாம் நீட்டுங்கால் அவருள்ளம் எங்ஙனமாம்? அவர் பொருட்டு வேண்டுதல் முறையோ, முறையன்றோ? முறையெனின் எவ்வளவிற்கு முறை? இவை ஈண்டு ஆராயற்பாலன.

இவ்வினா சைவர்களாகிய நமக்குப் புறம்பானதன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் பரபக்கத்தில் 14 மதங்களை எடுத்து மறுக்கப் புகுந்தவர், முதற்கண் உலகாயதனையே நிறுத்தினார். காட்சியொன்றையே அளவையாகக் கொண்டு கடவுளும் உயிரும் மறுபிறப்பும் இல்லையென்பான் கூற்றைக் கேட்டு, அதற்கு விடை கூறிய பின்னரே பிறவற்றிற்குச் சென்றார். உலகாயதன் வாதத்திற்கு விடையிறுக்க நாம் எழுநூறாண்டுகளாகப் பயின்றுள்ளோம். உலகாயதன் நம் உடன்பிறந்தானாகவோ, உடன் தொழில் செய்வானாகவோ நோய்ப்படுக்கையிற் கிடக்கும்போது அவன்பால் யாது சொல்லி நிற்றல் வேண்டும் என்பதை அத்துணைப் பயின்றோமில்லை. கொள்கையை மறுத்தல் வேறு; கொள்கையுடையாரோடு ஒழுகுதல் வேறு. முன்னையது நூலறிவால் முடியும். பின்னையதற்கு அவருள்ளத்தை அறிதல் வேண்டும்.

அவர் உள்ளத்தை அவர் வாயாலேயே கேட்போம். அமெரிக்க நாட்டு மெய்ப்பொருளாராய்ச்சியாளர் டேனியல் டென்னட் என்பார் 2006ஆம் ஆண்டு அக்டோபரில் இருதயத்தினின்று புறப்படும் பெருநாடி பிளந்து, நெடிய அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்தார். சின்னாட்களின் பின் அவர் எழுதிய கட்டுரையில், தாம் நன்றி செலுத்தவேண்டுவது மருத்துவர்க்கும், செவிலியர்க்கும், கருவி சமைத்தார்க்கும், தலைமுறை தலைமுறையாக மருத்துவ அறிவைச் சோதித்துத் திருத்திய ஆராய்ச்சியாளர்க்குமே என்றார். உமக்காகப் பிரார்த்தித்தோம் என்ற நண்பர்களின் அன்பை அவர் பழிக்கவில்லை. ஆயினும் அச்சொல் தமக்கு இனிமை தரவில்லை என்பதை மறைக்கவுமில்லை. ஆடொன்று பலியிட்டீர்களோ என்று அவர்களைக் கேட்கும் ஆசை எழுந்து, அதனை அடக்கிக்கொண்டதாக எழுதினார்.

கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்னும் எழுத்தாளர் நிலை இன்னும் நுண்ணியது. சமயங்களைக் கடுமையாகத் தாக்கி எழுதிவந்த அவர்க்கு 2010ஆம் ஆண்டிடையில் உணவுக்குழாயிற் புற்றுநோய் கண்டது. அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாளை அவர்பொருட்டு வேண்டும் நாளாகவே சிலர் குறித்தனர். வேண்டுவாரை அவர் வகைப்படுத்திக் கண்டார். நோய் முற்றி அவர் மாளவேண்டும் என்பார் சிலர். நோய் நீங்கவேண்டும் என்பார் சிலர். நோய் நீங்கினும் நீங்காவிடினும் அவர் தம் சமயத்திற்கு மாறவேண்டும் என்பார் சிலர். முதல்வகையினர் பகைவர். ஏனையோர்க்கு அவர் கூறியதன் கருத்து, அது நும் மனத்திற்கு ஆறுதல் தருமாயிற் செய்க, என்பொருட்டு வேண்டா என்பதாம். 2011 டிசம்பர் 15ஆம் நாள் தம் கொள்கையிலேயே நின்று இறந்தார். மனித மரபணுத் தொகுதியை ஆராயும் பெருமுயற்சியைத் தலைமை தாங்கி நடாத்திய பிரான்சிஸ் காலின்ஸ் என்னும் அறிஞர் கிறித்துவ நம்பிக்கையுடையார். அவர் தம் அறிவியலால் ஹிட்சன்ஸின் மருத்துவத்திற்குத் துணைநின்றார். அவரை ஹிட்சன்ஸ் மதித்தே எழுதினார். கடவுளை நம்பினார் ஒருவர் தம் கையால் உதவி செய்தபோது நம்பாதார் அதனை அன்பென்றே கொண்டார் என்பது ஈண்டுக் குறிக்கொளத்தக்கது.

நம் நாட்டிலும் ஒன்று காண்க. பண்டித ஜவாகர்லால் நேரு 1954 ஜூன் 21ஆம் நாளிட்ட தம் இறுதி முறியில், தாம் இறந்தபின் சமயச் சடங்கு எதுவும் செய்யப்படுதலைத் தாம் விரும்பவில்லை என்றும், அவற்றில் தமக்கு நம்பிக்கையில்லையாகலின், ஒருமுறைக்காக மட்டும் அவற்றிற்கு உடன்படுதலும் பொய்ம்மையாம் என்றும் கருத்துப்பட எழுதிவைத்தார். 1964 மே 27ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடல் சமயச் சடங்குகளோடும் மந்திர ஒலியோடுமே எரியூட்டப்பட்டது. செய்தார் அனைவரும் அன்பினாலேயே செய்தனர். எனினும், தம் வாயாற் பேசும் ஆற்றலிழந்த ஒருவர் முன்னரே பேசிவைத்த சொல் அன்பினாற் கடக்கப்பட்டது என்பதும் உண்மையே. அன்பு மற்றொருவர் சொல்லைக் கடக்கலாமோ என்னும் வினாவே நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை.

இனி, வேண்டுதலைக் கேட்ட நம்பாதார்க்கு எழும் உணர்ச்சிகளை வகைப்படுத்துவோம். நம்மை நினைந்தாரே என்று மகிழ்வார் ஒருசாரார். காற்றொலிபோலக் கேட்டுப் பேசாதிருப்பார் ஒருசாரார். ‘இவ்வளவிற்கு வந்துவிட்டதோ நம் நோய்’ என்று அஞ்சுவார் ஒருசாரார். ‘என் கொள்கை பொருட்படுத்தத்தக்கதன்று என்றன்றோ இவர் கருதுகின்றார்’ என்று நோவார் ஒருசாரார். நன்றி என்று கூறின் கொள்கைக்குப் பொய்த்ததாம், வேண்டா என்று கூறின் அன்பிற்குப் பொய்த்ததாம் என இருதலைக்கொள்ளியிடை எறும்புபோல் வருந்துவார் ஒருசாரார். இவருள் இறுதியில் நின்றார் துன்பம் நாம் பெரும்பாலும் அறியாதது. வலிமை குன்றிக் கிடப்பானொருவனை நாம் விடையளிக்க இயலாத வினாவிற்கு உட்படுத்துகின்றோம் என்பதை நீட்டிய திருநீற்றுப் பொட்டலத்தோடு நிற்கும் நாம் உணர்வதில்லை.

இவற்றினும் கொடியது மற்றொன்று உண்டு. நோயுற்றான் நலம்பெறின், ‘தணிகைக்கு நேர்ந்துகொண்டமையாற் பிழைத்தான்’ என்போம். இரவெல்லாம் கண்விழித்த மருத்துவரும், அவன் தானும் பொறுத்த நோவும் அப்பேச்சில் மறைந்தொழியும். நலம்பெறாது மாயின், ‘நம்பாதவனுக்கு எங்ஙனம் பலிக்கும்’ என்போம். இங்ஙனம் வெற்றியெல்லாம் நமக்கும் தோல்வியெல்லாம் அவனுக்கும் ஆமாறு கணக்கெழுதிய பின்னர், அவன் முகஞ்சுளித்தான் என்று குறைகூறுதல் நடுவுநிலைமையன்று. இறந்தானுடைய மனைவியும் மக்களும் இச்சொல்லைக் கேட்டு வாழ்நாள் முழுதும் உள்ளத்தே சுமப்பர். நாத்திகம் வளர்ந்தது என்று வருந்தும் நம்மனோர் இத்தகைய சொற்களால் எத்துணைப்பேர் கோயில் வாயிலினின்று அகன்றனர் என்பதை எண்ணிப்பார்த்தல் தகும்.

அற்றேல், அவர் நோதல் செருக்கின் பாற்படாதோ எனின், அதனை நம் நெஞ்சிலேயே வைத்துப் பார்ப்போம். தணிகைக்குத் தென்மேற்கே வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900ஆம் ஆண்டில் ஒரே படுக்கையோடு தொடங்கிய கிறித்துவ மருத்துவமனை இன்று பெருநிலையமாக விளங்குகின்றது. சிவதீக்கை பெற்ற சைவர் பலரும் ஆங்கு மருத்துவம் பெற்று மீண்டுளர். அத்தகைய எந்த மருத்துவமனையிலேனும் திருநீறணிந்த சைவரொருவர் படுத்திருப்ப, கிறித்துவ அன்பர் ஒருவர் அருகு வந்து, ‘ஐயா, உமக்காக எம் ஆண்டவரிடம் வேண்டுகின்றேன்’ என்பாராயின், சைவர் அவ்வன்பை ஏற்றுக் கைகுவிப்பர். அதற்குமேல், ‘நும் கடவுள் நும்மைக் காவார், எம் ஆண்டவரே காப்பார், இந்நோய் அதற்கென்றே வந்தது’ என்பாராயின், அச்சைவர் உள்ளம் எரியாதோ? எரிதல் செருக்கன்று; தன் உயிர்க்கு உயிராகக் கொண்டதொன்றைப் பிறர் எளிதாகத் தள்ளியமையால் எழும் நோவேயாம். நம்பாதானும் தான் உண்மையென்று தெளிந்த ஒன்றை அங்ஙனமே பற்றிநிற்கின்றான். அத்தெளிவு தவறென்று நாம் கொள்ளினும் அவன் நோவு தவறாகாது.

இனி, வேண்டுதலாற் பயன் உண்டோ என்பதும் இதனோடு இயைந்த வினா. அமெரிக்க நாட்டு 6 மருத்துவமனைகளில் இருதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து ஆராய்ந்த முடிபு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களை மூன்று கூறாக்கினர். தமக்காக வேண்டப்படுமோ படாதோ என்றறியாது, வேண்டப்பட்டார் ஒரு கூறு. அங்ஙனமே அறியாது, வேண்டப்படாதார் ஒரு கூறு. வேண்டப்படுகின்றது என்று உறுதியாக அறிவிக்கப்பட்டு, வேண்டப்பட்டார் ஒரு கூறு. அறுவையின் பின் இடையூறுற்றார் முதற்கூற்றில் நூற்றுக்கு 52, இரண்டாங்கூற்றில் 51, மூன்றாங்கூற்றில் 59. முன்னைய இரண்டும் ஏறக்குறைய ஒத்தன. அறிவிக்கப்பட்டாரே மிகுதியாக இடையூறுற்றனர்.

இதுகொண்டு வேண்டுதல் வீணென்று முடித்தல் சித்தாந்தியை அசைக்காது. என்னை? இறைவன் திருவருள் அளவுகருவிக்கு உட்பட்ட மருந்தன்று. இத்தனை பெயர் இத்தனை நாள் சொல்லின் இத்தனை பயன் என்று வரையறுக்கப்படுவதும் அன்று. இக்கணக்கைக் காட்டி நம்மை மறுக்க வருவார்க்கு இதுவே விடை. ஆனால் இவ்விடையைக் கூறுகின்ற நாம், ‘இன்னார்க்கு நேர்ந்துகொண்டோம், அதனாற் பிழைத்தார்’ என்று எதிர்க்கணக்கு எழுதும் உரிமையையும் உடன் இழக்கின்றோம். அளவைக்கு அப்பாற்பட்டது எனின், வெற்றிக்கும் அப்பாற்பட்டதே, தோல்விக்கும் அப்பாற்பட்டதே. மூன்றாங்கூற்றார் நிலை மற்றொன்றை எண்ணச்செய்கின்றது. அவர் மிகுதியாக இடையூறுற்றமைக்குக் காரணம் உறுதிப்படவில்லை. ஆயினும், ‘உமக்காக வேண்டுகின்றோம்’ என்னும் சொல்லே நோயாளியின் நெஞ்சிற்குச் சுமையாதல் கூடும் என்று ஆராய்ந்தாரும் ஐயுற்றனர். வேண்டுதல் வேறு, வேண்டுவதை அறிவித்தல் வேறு என்னும் பாகுபாடு இங்கே தோன்றுகின்றது. இப்பாகுபாட்டை நம் சாத்திரமும் புராணமும் முன்னரே காட்டியுள்ளன.

சாத்திரத்தை முதற்கண் நோக்குவோம். உயிர்கள் நுகரும் இன்ப துன்பம் அவ்வவ்வுயிர் ஈட்டிய வினையின் பயன். அதனை ஊட்டுவோன் இறைவன். ஒருவர் வினையை மற்றொருவர் மாற்றியமைத்தல் இல்லை. இருவினையொப்பும் மலபரிபாகமும் வந்தவழியே சத்திநிபாதம் நிகழும். அதுவரை உயிர்க்கு மெய்ப்பொருளை மறைத்து உலகைக் காட்டி நிற்பதும் இறைவனது திரோதான சத்தியே. மறைத்தலும் அருளின்பாற்பட்டதே என்பது நம் கொள்கை. ஆகவே, கடவுள் இல்லையென்பான் ஒருவன் சிவனருளுக்குப் புறம்பே நிற்கின்றான் என்று கூறுதல் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. ஐந்தொழிலுள் ஒன்று அவன்பால் இப்போது நிகழ்கின்றது என்றே கூறல்வேண்டும். மறைத்தலை நிகழ்த்துவானும் அதனை நீக்குவானும் ஒருவனாக, இடையே நின்று நாம் விரையவேண்டுவது யாதுமில்லை.

அன்றியும் மலமறைப்பு நம்பாதானுக்கு மட்டும் உரியதன்று. புறவிருள் பிற பொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவ இருளோ தன்னையும் காட்டாது என்பது உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் விளக்கிய உண்மை. நண்பனுக்காக வேண்டுகின்றேன் என்னும் நினைவினுள்ளே, ‘யான் அருள்பெற்றேன், இவன் பெற்றிலன்’ என்னும் மேன்மையுணர்வு கலந்திருப்பின், அதனை வேண்டுவான் அறியமாட்டான். கேட்பானோ அக்கணமே அறிந்துகொள்வான். நம்பாதார் பலர் முகஞ்சுளித்தல் இறைவன் பெயரைக் கேட்டன்று, அப்பெயரோடு கலந்துவந்த நம் ஆணவத்தைக் கேட்டே என்றல் மிகையன்று.

இனிப் புராணத்தை நோக்குவோம். நம்பாதார்பொருட்டு வேண்டிய வரலாறு நம் சமயத்தில் ஒன்றுண்டு; அதனினும் சிறந்தது யாண்டும் இல்லை. மருணீக்கியார் சமணநெறி சார்ந்து தருமசேனராய்ப் பாடலிபுத்திரத்தில் தலைமைபெற்று விளங்கியகாலை, தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் திருவலகும் திருமெழுக்கும் பூமாலையும் ஆகிய தொண்டு செய்துகொண்டு, தம்பியாரை அந்நெறியினின்றும் எடுத்தாளவேண்டும் என்று இறைவனிடம் விண்ணப்பித்து வந்தார். சேக்கிழார் பெருமான் கூறியவற்றை ஊன்றி நோக்குவார்க்கு மூன்று செய்திகள் புலனாம்.

ஒன்று: அம்மையார் இறைவனிடம் பேசினார், தம்பியாரிடம் பேசினாரல்லர். உமக்காக வேண்டுகின்றேன் என்று பாடலிபுத்திரத்திற்கு ஆள்விடுத்த செய்தி புராணத்தில் இல்லை. இரண்டு: இறைவன் கனவிற்றோன்றி அருளியபோது, தம்பியார் முற்பிறப்பில் முனிவராய்த் தம்மை அடையத் தவம் முயன்றவர் என்பதையே ஆட்கொள்ளுதற்கு ஏதுவாகக் கூறினார். அஃதாவது, தமக்கையார் வேண்டுதல் தம்பியார் தவத்தைத் தள்ளி நிற்கவில்லை. அவருடைய உரிமை அவரிடத்தேயே இருந்தது. மூன்று: சூலைநோயால் வருந்திய தம்பியார் ஏவலாளனை விடுத்தபோதும் அம்மையார் ஆண்டுச் செல்லவில்லை. தம்பியார் தாமே இரவில் நடந்துவந்து அடிவீழ்ந்து உய்யும் நெறி வினவிய பின்னரே எடுத்தணைத்து, ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். கேட்குமுன் நீட்டப்பட்ட திருநீறன்று அது, கேட்டபின் அளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றைக் காட்டி, பிறர்க்கு வரும் நோயையெல்லாம் ஆட்கொள்ளும் சூலையென்று உரைப்பார் சிலர் உளர். இது பெருந்தவறு. நோய்தருக என்று அம்மையார் வேண்டினாரல்லர். அஃது இறைவன் திருவுள்ளத்தில் நிகழ்ந்தது. யாருடைய நோய் எவ்வினையான் வந்தது, யாதுகுறித்து வந்தது என்று அறிவார் ஊட்டுவானன்றிப் பிறரில்லை. அயலான் படுக்கையருகில் நின்று, ‘இஃது உன்னைத் திருத்தவந்தது’ என்பார் தம்மை இறைவனிடத்தில் வைத்துக்கொள்கின்றார், அது சிவாபராதமேயாம்.

பாண்டியன் வெப்புநோயிலும் இம்முறைமையே காணப்படும். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் திருஞானசம்பந்தப் பிள்ளையாரிடத்துப் பேரன்புடையராயினும், அரசன் அறியாதவாறு திருநீற்றை அவனுடலிற் பூசுவித்தாரல்லர். அவனிடம் தெரிவித்தனர், அவன் உடன்பட்டு அழைக்கச் சொன்னான், அதன்பின்னரே பிள்ளையார் எழுந்தருளினார். பகைமை மிக்கிருந்த அக்காலத்தும் நோயுற்றான் இசைவு முன்வைக்கப்பட்டது என்றால், நண்பர் வீட்டில் நாம் அதனைக் கடக்கலாமோ?

அங்ஙனமாயின் நம்பாதார்க்காக வேண்டவே கூடாதோ எனின், அற்றன்று. சிவாகமங்கள் வழிபாட்டை ஆன்மார்த்தம், பரார்த்தம் என இரண்டாகப் பகுக்கும். தன் உயிர்குறித்துத் தான் செய்வது ஆன்மார்த்தம். திருக்கோயிலில் எல்லா உயிர்களின் நலங்குறித்து நிகழ்வது பரார்த்தம். தணிகைமலையில் நாட்பூசை நிகழும்போது, மலையேறி வந்தார்க்கென்றும் வாராதார்க்கென்றும், தமிழ் பேசுவார்க்கென்றும் தெலுங்கு பேசுவார்க்கென்றும், உண்டென்பார்க்கென்றும் இல்லென்பார்க்கென்றும் பிரித்து அது செய்யப்படுவதன்று. 1953ஆம் ஆண்டில் ஆந்திர நாடு தனி மாநிலமானபோது தணிகை அதனைச் சார்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் தமிழகத்தோடு சேர்ந்தது. இவ்விரு மாற்றத்திற்கும் இடையே நாட்பூசை யார்பொருட்டு என்னும் வினா எழவில்லை. எல்லைக்கோடு எங்கு வரையப்படினும் பரார்த்தத்திற்கு எல்லையில்லை. கடவுளில்லை என்பானும் அப்பூசையின் பயனுள் அடங்கியே நிற்கின்றான். அவனுக்கு யாரும் அறிவிப்பதில்லை. அவன் யார்க்கும் நன்றி கூறவேண்டுவதும் இல்லை. பிறர்பொருட்டு வேண்டலின் தூய வடிவம் இதுவே. நாம் தனித்து வேண்டும்போதும் இதனையே மேல்வரிச்சட்டமாகக் கொள்வோமாயின் யார் உள்ளமும் நோவதற்கு இடமின்று.

நேர்த்திக்கடனில் மட்டும் தனியே கருத வேண்டுவதொன்று உளது. ‘என் நண்பன் பிழைப்பின் யான் காவடி எடுப்பேன்’ என்பது ஒன்று. ‘என் நண்பன் பிழைப்பின் அவன் முடியிறக்குவான்’ என்பது மற்றொன்று. முன்னையது தன்னுடலைத் தான் கொடுத்தல். பின்னையது பிறனுடலைத் தான் கொடுத்தல். கொடுப்பதற்கு உரிமையில்லாத பொருளைக் கொடுத்தல் தானமாகாது என்பது அறநூல் துணிபு. ஆயின் வீடுகளில் நிகழ்வது யாது? நம்பாத மகன் நோயுற்றபோது தாய் அவன் முடியை நேர்ந்துகொள்கின்றாள். அவன் எழுந்து நடந்தபின், ‘கடன் நிற்கின்றது, செலுத்தாவிடின் தெய்வக்குற்றம்’ என்று அழுகின்றாள். மகன் மறுப்பின் தாயை வருத்தியவனாவான். இசையின் தன்னை மறைத்தவனாவான். தாயின் அன்பைக் குறைகூறுவார் யாருமில்லை. குறை அக்கடன் எழுதப்பட்ட முறையிலே உள்ளது. தன்னால் இயன்றதைத் தன்மேல் வைத்து நேர்ந்துகொள்க என்று பெரியோர் முன்னரே அறிவுறுத்துவாராயின் எத்துணையோ இல்லங்களில் இப்பூசல் எழாது. மறுக்கும் மகன் தாயோடு மலையடிவாரம்வரை துணையாகச் செல்லினும் அஃது அறமே. முடியை அவள் தன் தலையிலிருந்தே இறக்குவாளாயின் அதுவும் கடன் தீர்ந்ததேயாம்.

இஃதெல்லாம் கேட்கும் சிவநேயர் ஒருவர் இரண்டு தடை எழுப்பக்கூடும். சிவஞானசித்தியார் 12ஆம் சூத்திரத்தில், ஈசனிடத்து அன்பில்லார்க்கு அடியாரிடத்தும் பிற உயிரிடத்தும் தம்மிடத்துமே அன்பில்லை என்றும், அவரோடு இணங்குதலை விடுக என்றும் கூறப்பட்டதன்றோ? அவ்வாறிருக்க அவர் உள்ளம் நோவாமை பேணுதல் எற்றுக்கு என்பது முதற்றடை. அச்செய்யுள் சீவன்முத்தர் நிலைகூறும் இடத்தில், அருளின் அயரா அன்பு பெற்றார் தம் நிலையினின்றும் வழுவாமைப்பொருட்டுச் சார்பு கூறுவது. நோயுற்றானைப் புண்படுத்துதற்கு விடை தந்ததன்று. மேலும் அதனைச் சொல்லளவிற் கொள்ளினும், இணங்காது விலகுக என்பதே அதன் ஏவல். விலகுதல் கூறிய நூலைக் காட்டி, வலிந்து நெருங்கித் திணித்தலை நிறுவுதல் முரணாம்.

மெய்ந்நெறியை அறிந்தும் வாய்மூடியிருத்தல் அன்பின்மையன்றோ, கிணற்றை நோக்கி நடக்கும் குருடனை அழைத்து நிறுத்தாமை கொலையன்றோ என்பது இரண்டாந்தடை. வாய்மூடியிருக்கவேண்டும் என்று யாம் கூறவில்லை. வாதிற்கு இடமும் காலமும் உண்டு. அங்கே உலகாயதனை அருணந்தி சிவாசாரியர் போல முழுமையாகக் கேட்டு முழுமையாக மறுக்கலாம். இத்தணிகையிலே 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1932ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆங்கில நூலொன்றில் இக்காலத்தார் சமயத்திற்கு எதிராகக் கூறுவனவற்றை முதலில் எடுத்துரைத்துப் பின்னரே தம் கொள்கை நிறுவினார். அவர் கொண்ட வேதாந்தம் நம் சித்தாந்தத்தின் வேறாயினும் அம்முறை நாமும் போற்றத்தக்கது. நோய்ப்படுக்கை வாதமேடையன்று. எதிர்த்துப் பேச வலியில்லானிடத்துப் பேசிப்பெறும் இசைவு இசைவாகாது.

தமிழ்நாட்டில் இவ்விரு சாராரும் பண்பொடு பழகியமைக்குச் சான்று இல்லாமலில்லை. பெரியார் ஈ.வெ. இராமசாமி (1879–1973) கடவுள் மறுப்பைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர். குன்றக்குடி அடிகளார் (1925–1995) அக்கொள்கைக்கு எதிராக ஊர்தோறும் சென்று அருள்நெறி பரப்பியவர். இருவரும் மேடையில் மாறுபட்டு, நேரில் மதித்துப் பழகினர். திருமடத்தில் நீட்டப்பட்ட திருநீற்றைப் பெரியார் மறாது ஏற்றார் என்றும், தம் இல்லத்தில் விருந்தாக இருந்த திரு.வி.கலியாணசுந்தரனார் நீராடி எழுந்தபோது பெரியாரே திருநீறு கொணர்ந்து நீட்டினார் என்றும் பலரும் எடுத்துரைப்பர். இவற்றுள் இரண்டாவது செய்தி நம்மனோர்க்குப் பெரிதும் பயன்படுவது. தாம் நம்பாத ஒன்றை, நம்புவார்க்கு வேண்டும் என்று அறிந்து நீட்டினார் அவர். எதிரேயுள்ளார் உள்ளத்திற்கு யாது வேண்டும் என்று அறிதலே அவ்விடத்து நிகழ்ந்தது. அவர் அங்ஙனம் நம்மவர் உள்ளமறிந்து நீட்டினாராயின், நாமும் நம்பாதார் உள்ளமறிந்து நீட்டற்குரியன உள. நோய்ப்படுக்கையில் திருநீற்றினும் முன்னாக ஒரு குவளை வெந்நீரும், மருந்துச்சீட்டோடு கடைக்குச் செல்லும் காலும், இரவில் துணையிருக்கும் கண்ணும் அவர்க்கு வேண்டப்படும்.

அற்றேல், நம்பாதாரும் கொள்ளவேண்டுவது ஒன்றுண்டோ எனின், உண்டு. கற்றறியாத முதியவள் ஒருத்தி 365 படியேறி மூச்சிரைக்கத் தம் பெயரைச் சொல்லி நின்றாள் என்று அறிந்தால், அப்பெயர் சென்ற இடம் வெறுவெளி என்று அவர் கருதினும், அப்பெயர் புறப்பட்ட இடம் வெறுவெளியன்று என்பதை உணர்தல் வேண்டும். ‘நும் வேண்டுதலில் எனக்கு நம்பிக்கையில்லை, நும் அன்பில் எனக்கு நம்பிக்கையுண்டு’ என்று அவர் கூறுவாராயின், அஃது அவர் கொள்கைக்கும் பொய்யன்று, நம் அன்பிற்கும் பழுதன்று. அச்சொல்லைக் கேட்டு அவரை மேலும் நெருக்காது எழுந்துவருதல் நம் கடன்.

இதுகாறும் கூறியவற்றால் போந்த பொருள் இவை: நம்பாதார்பொருட்டு இறைவனிடம் வேண்டுதல் குற்றமன்று, அதனை அவர் கேளாதிருக்க அறிவித்து விடைபெற முயல்தலே குற்றத்திற்கு இடமாவது. கேட்பார்க்குத் திருநீறு அளிக்க. கேளாதார்க்கு உதவி அளிக்க. பிறர் உடல்மேல் நேர்த்திக்கடன் எழுதற்க. நலம்வரின் மருத்துவரை மறவற்க. நலம் வாராதாயின் மாய்ந்தார் கொள்கையைக் காரணமாக்கற்க. இறந்தபின் தமக்கு யாது செய்யப்படல் வேண்டும் என்று ஒருவர் கூறிச்சென்ற சொல்லைக் கடவற்க. அவர்பொருட்டு நாம் செய்ய விரும்புவதை நம் இல்லத்தில், நம் பூசையறையில், நம் பொருட்டாகச் செய்துகொள்வதைத் தடுப்பார் யாருமில்லை.

முருகப்பெருமான் சூரனோடு பொருத சினந்தணிந்து அமர்ந்தமையால் இத்தலம் தணிகையெனப்பட்டது என்பர். அங்கே சென்று பிறர் பெயர் சொல்லி நிற்கும் அன்பர், அப்பெயர்க்குரியார் தம் கொள்கையை ஏற்கவில்லையே என்னும் சினத்தையும் அவ்விடத்தேயே தணித்து இறங்குவாராயின், அவர் வேண்டியதில் ஒருபாதி அப்பொழுதே நிறைவேறியதாம். மறுபாதி இறைவன் திருவுள்ளம்.